படத்துக்கு வெளியே ஒரு கை

"என் வலது கை எங்கன சார் போச்சு?"

இப்படிக் கேட்டுக்கொண்டு ஒருவர் பத்திரிகை ஆபீசுக்குள் நுழைந்தால் விபத்து என்றுதான் நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுதிக்கொண்டிருந்த செய்தியை நிறுத்திவிட்டு அவர் தோளைப் பார்த்தேன். இரண்டு கைகளும் இருந்தன. வலது மணிக்கட்டில் மட்டும் நாலு வரிசையாகத் தழும்பு, இன்னும் சிவப்பு மாறவில்லை. அந்தக் கையில் எங்கள் பத்திரிகையின் பழைய தாள் ஒன்று வியர்வையில் ஊறி நைந்து போயிருந்தது.

அது எழுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். தூத்துக்குடியில் ஒரு சின்ன மாலைப் பத்திரிகையில் நான் உதவி ஆசிரியன். எனக்குத் தளவாய் என்று பெயர். ஆழ்வார்திருநகரிப் பக்கம் நெல் விளைகிற ஊர், வயல்காரக் குடும்பம். முன்கோபம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதல். ஆபீஸ் மாடியில் என் மேஜை கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அருகில் இருந்தது. மத்தியானத்தில் கடலின் வெளிச்சம் உள்ளே வந்து உட்கூரையில் நெளிந்துகொண்டே இருக்கும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று தெரியாது. எங்கள் பத்திரிகையின் பாதிச் செய்திகள் அந்த நிலையில் எழுதப்பட்டவைதான்.

அவர் தாளை என் மேஜையில் விரித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி அகலத்துக்கு ஒரு படம். நடுவயது மனிதர் ஒருவர் சின்னப் படகில் நிற்கிறார். தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. வாய் நன்றாகத் திறந்திருக்கிறது, பல் தெரிகிறது. இடது கை வானத்தைப் பார்த்து உயர்ந்திருக்கிறது. கீழே நான் எழுதிய வரி: சங்கு குளிக்கச் சென்றவர் பலி. படத்தில், கயிறு பிடித்த மைத்துனர் இஞ்ஞாசி.

"இது நீங்கதானா?"

"ஆமா சார். இஞ்ஞாசி. கீழவைப்பாரு. செத்துப்போன தொம்மை என் தங்கச்சி மாப்பிள. நல்லா பாருங்க. எடது கை வெறுங்கையா இருக்கு. வலது கையக் காணும். கயித்தையும் காணும்."

"அதனால என்ன?" என்று கேட்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அந்நிய பாஷைக்காரனுக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"கடலுக்குள்ள எறங்குறவன் உசிரு மேல நிக்கவன் கையில இருக்கு சார். கீழ இருந்து கயித்த ஒரு சுண்டு சுண்டுவான். ஒடனே இழுத்துரணும். அதனால கயித்த வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டான். பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன் கையிலதான் குடுப்பான். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனுக்கு மனசு வரும்? அந்த நம்பிக்கைதான். எங்க கரையில கயிறு புடிக்கவன் படத்தப் பாத்தா யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாவ. கையத்தான் பாப்பாவ."

அவர் சொல்லிக்கொண்டே போனார். படம் வந்த அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டதாம். இஞ்ஞாசி கயிற்றை விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நிற்கிறான், சிரிப்பு வேறு. சடங்கெல்லாம் முடிந்து அவர் தங்கை வீட்டுக்குப் போனபோது, தங்கை விக்டோரியா ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிட்டாள். அதன் பிறகு அவர் ஊரில் இருக்க முடியாமல் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார்.

"கயித்த விடலன்னு சொல்ல வேண்டியதுதான? கையில தழும்பு இருக்கே?"

"சொன்னேன் சார். தழும்ப நானே பொறவு உண்டாக்கிக்கிட்டேங்காவ. கயிறு கீழ பாறையில சிக்கி, இழுத்த இழுப்புல அறுந்து, மிச்சத் துண்டு கடலோட போயிட்டு, நான் மயங்கிட்டேன். படம் எடுத்தவரு அங்கனதான இருந்தாரு, நீ விடலன்னா அவரு வந்து சொல்லியிருக்க மாட்டாரான்னு கேக்காவ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்ப எனக்கே நெசமாத் தெரியல சார். கண்ண மூடுனா கடலு வரல, இந்தப் படந்தான் வருது. இதுல கை வெறுங்கையா இருக்கு. விட்டுட்டேன் போலுக்கு."

சாலையில் லாரி ஒன்று போனது. மேஜை மேல் இருந்த மைக்குப்பி நடுங்கியது. என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை, உட்கூரையைப் பார்த்தேன்.

"இன்னும் ஆறு நாள்ல முப்பதாம் நாள் பூசை சார். தங்கச்சிக்குக் கோடிச் சேலை நான்தான் எடுத்துக் குடுக்கணும். என் கையால வாங்க மாட்டேன்னு ஆள் விட்டுச் சொல்லிட்டா. இந்தப் படத்துக்கு மிச்சம் இருக்குமா? அதுல கயிறு இருந்தாச் சொல்லுங்க. இல்லன்னாலும் சொல்லிருங்க."

படத்தை வெட்டியது நான்தான். அதையும் அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் வாய் முந்திக்கொண்டது.

எப்படி வெட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் முதலாளி பிச்சையா பனங்கருப்பட்டி வியாபாரத்திலிருந்து பத்திரிகைக்கு வந்தவர். படத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு சட்டம்: முகம் வேண்டும், மற்றதெல்லாம் வெட்டு. படத்தை அச்சுக்கான பிளாக் எடுக்கத் திருநெல்வேலிக்கு பஸ்ஸில் அனுப்புவோம். ஒரு தடவை நான் சிவப்புப் பென்சிலால் போட்ட கோட்டைக் கவனிக்காமல் அவர்கள் முழுப்படத்தையும் பிளாக் எடுத்து அனுப்பிவிட்டார்கள். முதலாளி ஆடிய ஆட்டத்தைப் பார்த்தபிறகு நான் பென்சிலை விட்டுவிட்டுக் கத்திரிக்கோலால் வெட்டியே அனுப்ப ஆரம்பித்தேன். வெட்டிய ஓரம் குப்பைக் கூடைக்குப் போகும். தொம்மை இறந்த செய்தியோடு ஸ்டுடியோக்காரர் சுந்தரராஜ் கொடுத்த படத்தையும் அப்படித்தான் வெட்டினேன். இடது பக்கம் கறுப்பாக ஏதோ ஒரு கோடு இருந்தது நினைவிருக்கிறது. கயிறாக இருக்கலாம். அது கையில் சுற்றியிருந்ததா, சும்மா படகிலிருந்து தொங்கியதா? தெரியவில்லை. எங்கள் ஊரில் கயிறு மாடு கட்டுவதற்கு. அதற்கு ஒரு பத்தியில் இடம் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. நாலு வருஷமாக இந்த ஊரில் மீன் தின்கிறேன், இந்தக் கரையில் முதலில் கையைப் பார்ப்பார்கள் என்பது தெரியாமல்.

"நெகட்டிவ் இருக்கும், நான் பார்த்துச் சொல்லுதேன்," என்றேன். இஞ்ஞாசி தாளைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

முதலாளியிடம் போனேன். முழுப்படத்தையும் மறுபடி போட வேண்டும், ஒரு மனுஷன் வீணாகச் சாகிறான் என்றேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் படத்துல அவன் கையில இல்லாதத நாம போட்டோமா?"

"இல்ல."

"இருந்த மூஞ்சிய மாத்துனோமா?"

"இல்ல அண்ணாச்சி. ஆனா..."

"பொறவு என்னவே? பொய்யா ஒண்ணும் போடலயே. பத்திரிக தப்பு விட்டுட்டுன்னு நாமளே அச்சடிச்சுக் குடுத்தா நாளைக்கு எவன் வாங்குவான்? போயி வேலையப் பாரும்."

இதில் கொடுமை என்னவென்றால் அவர் சொன்னதில் பொய் இல்லை. படத்தில் இருந்தது எல்லாமே உண்மை. கை உயர்ந்ததும் உண்மை, வாய் திறந்ததும் உண்மை. என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்து, அந்த எரிச்சலோடு சுந்தரராஜ் ஸ்டுடியோவுக்கு நடந்தேன்.

சுந்தரராஜ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நிதானமான மனிதர், கல்யாணப் படம் எடுத்தே தலை நரைத்தவர். இஞ்ஞாசியின் பேரைச் சொன்னதும் அவர் கை லென்ஸைத் துடைப்பதை நிறுத்தியது.

"நெகட்டிவ் எங்கன கெடக்கோ. தேடணும்."

"கயிறு கையில இருந்துச்சா? நீங்க கண்ணால பாத்தீயள்லா?"

"இருந்துச்சுன்னுதான் நெனைக்கேன் வே. கேமராக் கண்ணாடிக்குள்ள பாக்கும்போது ஒண்ணும் வெளங்காது. நாளைக்கு வாரும்."

மறுநாள் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். நெகட்டிவ் கிடைக்கவில்லை என்றார். கிடைக்காத பொருளைத் தேடுகிறவன் முகம் அப்படி இருக்காது.

மூன்றாம் நாள் மத்தியானம் மேஜையிலேயே கண் சொக்கியது. கடலுக்கு அடியில் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது, மூச்சு முட்டவில்லை. நாலு வருஷமாக நான் வெட்டிப் போட்ட ஓரங்கள் எல்லாம் அங்கே மிதந்தன. பாதிக் குடை, மந்திரி பக்கத்தில் நின்ற யாரோ ஒரு கிழவரின் தோள், ஒரு குழந்தையின் கையைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் மட்டும். ஒவ்வொன்றும் தன் மீதியைத் தேடி என் முகத்தருகே வந்து, நான் இல்லை என்று தெரிந்ததும் விலகிப் போயிற்று. மேலே வெகு உயரத்தில் ஒரு படகின் அடி தெரிந்தது. அங்கிருந்து கயிறு எதுவும் இறங்கவில்லை. பயமில்லாமல், ஆனால் தாங்க முடியாத வருத்தத்தோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விழித்ததும் நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். வெயிலில் தெருவே தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடியது.

"அண்ணாச்சி, அந்த ஆளு தான் கயித்த விட்டுட்டோம்னு நம்ப ஆரம்பிச்சிட்டாரு. இன்னும் மூணு நாளு போனா அவரா எங்கயாவது கடல்ல எறங்கிருவாரு. நெகட்டிவக் குடுக்கப் போறீயளா, இல்ல நான் உள்ள பூந்து தேடட்டுமா?"

கத்தியிருப்பேன் போல. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சுந்தரராஜ் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிறகு தேடாமல், தடவாமல், மேஜை இழுப்பறையைத் திறந்து மேலேயே இருந்த உறையை எடுத்தார்.

இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும். வெளியே மணி இரண்டு, உள்ளே எந்த நேரமும் இல்லை. அவர் நெகட்டிவை மாட்டி, வெளிச்சம் காட்டி, வெள்ளைத் தாளை மருந்துத் தட்டில் போட்டார். தட்டை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். தாளின் மேல் தண்ணீர் முன்னும் பின்னும் ஓடியது. ஒன்றுமில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது, ஒன்றுமில்லை.

கறுப்பானவைதான் முதலில் வரும். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கோடு வந்தது. விறைப்பாக, நேராக, மேலிருந்து கீழாக. அதன் மேல்முனையில் ஒரு கை ஊறி வந்தது. கயிறு மணிக்கட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு சுற்று. கை முஷ்டியாக இறுகியிருந்தது. தோளிலிருந்து விரல்வரை நரம்பு புடைத்திருந்தது. அப்புறம்தான் முகம் வந்தது. அதே முகம், அதே திறந்த வாய். இப்போது அது சிரிப்பு இல்லை. அலறல். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"இதத்தான் வெட்டினேன்," என்றேன்.

"நீரு வெட்டுனது பாதிதான்," என்றார் சுந்தரராஜ்.

தாள் இன்னும் தெளிந்துகொண்டிருந்தது. அவர் பிலிம் சதுரம். பத்திரிகைக்குக் கொடுத்தபோது நீளவாக்கில் ஒரு பகுதியை மட்டும் அச்செடுத்திருந்தார். இப்போது சதுரம் முழுவதும் வந்தது. இடது மூலையில் இன்னொரு வள்ளத்தின் முன்பக்கம். அதில் ஒரு சுருள் கயிறு கிடக்கிறது. படகுக்காரன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்திருக்கிறான். அவன் முகம் இஞ்ஞாசி பக்கம் இல்லை. எங்களைப் பார்த்து, அதாவது படம் எடுத்தவரைப் பார்த்து, உத்தரவுக்குக் காத்திருக்கிற முகம். இஞ்ஞாசியின் உயர்ந்த இடது கை அந்த வள்ளத்தைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு படகுக்கும் நடுவே இருந்த தண்ணீரை நான் விரலால் அளந்தேன். கட்டைவிரல் அளவுகூட இல்லை.

"சர்க்கார் சங்கு எடுக்கதப் படம் புடிக்கப் போயிருந்தேன்," என்றார். தட்டை ஆட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "கூப்பாடு கேட்டுத் திரும்புனேன். அந்த மாரி ஒரு படம் எனக்கு ஆயுசுல அமைஞ்சதில்ல வே. ஆடிரக்கூடாதேன்னு துடுப்பத் தூக்குடான்னேன். தூக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். ஒரே ஒரு படம். ஒரு நிமிசம் இருக்கும். பொறவு போனோம். போகையில கயிறு அறுந்து, அவரு தன் வத்தைப் படகுக்குள்ள விழுந்துட்டாரு. படகுக்காரன் மறுநாளே தோணியில கொழும்புக்குப் போயிட்டான். அந்த ஒரு நிமிசத்துல ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நான் தெனமும் எனக்குச் சொல்லிக்கிடுதேன்."

ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறைய எனக்கு என்ன யோக்கியதை? இருபத்தேழு நாள் இவர் வாயை மூடிக்கொண்டிருந்தார், நான் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

படத்தைக் கழுவிக் காயப்போட்டபிறகு அவர் என் கையைப் பிடித்தார். "இஞ்ஞாசிக்கு வேண்டியது கயிறுதான். அது முழுசா வந்துட்டு. இந்த ஓரத்த மட்டும் வெட்டிரும். அதனால யாருக்கு என்ன ஒதவி? இந்தக் கரையில எனக்கும் பொழப்பு இருக்கு."

படத்தை ஆபீசுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யோசித்தால் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. போன தடவையும் இப்படித்தான் இருந்தது. அந்த ஓரத்தால் யாருக்கு என்ன உதவி என்றுதான் வெட்டினேன். கத்திரிக்கோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இழுப்பறையில் போட்டுச் சாத்தினேன். நல்ல மனது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதி பயம், பாதி சுந்தரராஜ் மேல் இருந்த கோபம். வெட்டவில்லை என்று அவருக்குச் சொல்லியும் அனுப்பினேன்.

பூசைக்கு முந்தின நாள் காலையில் கீழவைப்பார் போக பஸ் நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்லி அனுப்பியபடி இஞ்ஞாசி எனக்கு முன்பே வந்து நின்றார். கக்கத்தில் துணிக்கடைப் பொட்டலம், கோடிச் சேலையாக இருக்கும். கயிறு இருக்கிறது என்று சொல்லிப் படத்தை நீட்டினேன். அவர் இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"வேண்டாம் சார். நீங்க எனக்காவச் சொல்லுதீயளோ என்னமோ. மொதல்ல அவ பாக்கட்டும். அவ சொன்னா நான் பாக்கேன்."

அப்போதுதான் கவனித்தேன். பஸ்ஸுக்குப் பக்கத்தில் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுந்தரராஜ் நின்றிருந்தார். முகம் ஒரே இரவில் காய்ந்து போயிருந்தது. இஞ்ஞாசி அவரைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"அண்ணாச்சியே வந்துட்டீயளா? நல்லதாப் போச்சு. நீங்க சொன்னா ஊரு நம்பும்." பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, துண்டால் தூசி தட்டி, அவரை உட்கார வைத்தார். சுந்தரராஜ் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார்.

வெளியே உப்பளங்கள். வெள்ளையும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. தூரத்தில் உப்பு வாருகிறவர்கள் தரையில் கால் படாமல் காற்றில் நடப்பதுபோல் தெரிந்தார்கள். அவர்கள் கைகள் சில நேரம் உடம்பை விட்டுத் தனியாக அசைந்தன. பஸ் எவ்வளவு ஓடியும் அந்த வெள்ளை முடியவில்லை. நாங்கள் மூவரும் நகராமல் இருக்க, கரைதான் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் இஞ்ஞாசி மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஊரில் இறங்கியதும் அவர் கோயில் பக்கத்திலேயே நின்றுகொண்டார். வீட்டை மட்டும் கைகாட்டினார். நாங்கள் இருவரும் போனோம்.

விக்டோரியாவுக்கு முப்பது வயது இருக்கும். நாங்கள் பத்திரிகை ஆபீஸ் என்றதும் கதவைச் சாத்தப் போனாள். "அந்தப் படத்தின் மிச்சம்," என்று சொல்லி உறையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு கதவருகே வெளிச்சத்துக்கு வந்தாள்.

முகத்தை அவள் பார்க்கவில்லை. விரல் நேராக வலது கைக்குப் போனது. சுற்றுகளைத் தொட்டது, கயிற்றோடு கீழே இறங்கி, கயிறு தண்ணீரைத் தொடுகிற இடத்தில் நின்றது. அதற்குக் கீழேதான் அவள் புருஷன் இருந்தான். அந்த இடத்திலேயே விரல் எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கோ கோழி கூவியது. கடலின் சத்தம் வீட்டுக்குள் வந்து வந்து போனது.

"பாவி நான்," என்றாள். "எங்கண்ணன வாசலோட வெரட்டுனேன்." கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. படத்தில் விழாமல் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

அப்படித் தள்ளிப் பிடித்தபோதுதான் மூலையைப் பார்த்தாள்.

"இது யாரு வள்ளம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுந்தரராஜ் சொன்னார். "என்னுதும்மா. நான்தான் படம் எடுத்தேன்."

"துடுப்ப ஏன் தூக்கிக்கிட்டு இருக்கான்?"

"நான்தான் தூக்கச் சொன்னேன். படம் ஆடாம இருக்கதுக்கு."

"எம்புட்டுத் தூரம்?"

"தூரமே இல்லம்மா. கயித்த வீசியிருந்தா எட்டியிருக்கும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண்ணீர் நின்றுவிட்டது. கத்துவாள், அடிக்க வருவாள் என்று நான் எதிர்பார்த்தேன். சுந்தரராஜும் எதிர்பார்த்துத்தான் நின்றார், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. அவள் படத்தை மடியில் வைத்து, நாங்கள் இருப்பதையே மறந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது ஓரத்தைப் பின்னால் மடக்கினாள். மடித்த இடத்தை நகத்தால் மேலிருந்து கீழே அழுத்தி நீவினாள். வள்ளமும் படகுக்காரனும் மறைந்தார்கள். கயிறும் கையும் முகமும் மட்டும் இருந்தன.

"எங்கண்ணன் இதப் பாக்கப்படாது," என்றாள். "அவனுக்குக் கோவம் வந்தாக் கண்ணு தெரியாது. ஒங்கள வெட்டிப் போட்டுட்டு செயிலுக்குப் போயிருவான். எனக்கு இருக்கது இனி அவன் ஒருத்தன்தான். ஒங்களுக்காவ இல்ல, கேட்டீயளா? ஒங்களுக்காவ இல்ல. பின்வழியாப் போயிருங்க. என் கண்ணுல இனி படாதீய."

சுந்தரராஜ் குனிந்த தலையோடு பின்வாசல் வழியாகப் போனார். மணலில் அவர் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

விக்டோரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "அண்ணே!" என்று கூப்பிட்டாள். ஒரே கூப்பாடு. கோயில் நிழலில் நின்ற இஞ்ஞாசி ஓடிவரவில்லை. மெதுவாக, தூக்கத்தில் நடப்பவர்போல வெயிலைக் கடந்து வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

அவள் படத்தை அவர் கையில் கொடுக்கவில்லை. தன் கையிலேயே பிடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"பாருண்ணே. பயப்படாமப் பாரு."

அவர் பார்த்தார். பொட்டலம் நழுவிக் கீழே விழுந்தது.

"ஏளா, நான் விடலியா?"

"விடலண்ணே."

"நெசமாவா?"

"நாலு சுத்து சுத்தியிருக்க. நீயே எண்ணு."

அவர் வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மறுபடியும் எண்ணினார். உடம்பு முழுக்கக் குலுங்க அழுதார். அழுதுகொண்டே படத்தை இன்னும் கிட்டத்தில் பார்த்தவர் திடீரென்று கேட்டார்.

"ஏளா, அப்ப எடது கையத் தூக்கி யாரக் கூப்பிடுதேன்?"

நான் விக்டோரியாவைப் பார்த்தேன். அவள் பெருவிரல் மடிப்பின்மேல் இருந்தது.

"மாதாவத்தான்ணே," என்றாள். விரலை அவள் எடுக்கவில்லை.